ஒரு பெயர், பல எழுத்து: வெளிநாடு செல்வோரின் ஆவணச் சுமை

ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்த் தம்பதிக்கு அங்கே குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறப்பைப் பதிவுசெய்ய நகரப் பதிவு அலுவலகம் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களையும் திருமணச் சான்றிதழையும் கேட்கிறது. கணவரின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை; ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறது. மனைவியின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் திருமணச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிலையில், பெற்றோரின் அடையாளமோ பெயரோ உரிய ஆவணத்தால் நிறுவப்படவில்லை என்ற குறிப்புடன்தான் அந்தப் பிறப்பு பதிவாகும். வழக்கமான பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகப் பதிவேட்டின் சான்றிட்ட அச்சுப்படி கையில் கொடுக்கப்படும். அந்த நாட்டின் குடிமைப் பதிவு விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

விசா வாங்கியபோது இந்தத் தம்பதி எந்தத் தவறும் செய்யவில்லை. கேட்ட ஆவணங்களையெல்லாம் கொடுத்தார்கள், விசா கிடைத்தது, விமானம் ஏறினார்கள். சிக்கலின் வேர் அதற்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஊரில் எழுதப்பட்ட பதிவேடுகளில் இருக்கிறது.

வெளிநாட்டில் நெடுங்காலம் தங்கப் போகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் வழிகாட்டல் பெரும்பாலும் விசாவைச் சுற்றியே நிற்கிறது. எந்தப் படிவம், எவ்வளவு பணம், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் விசா என்பது நடுவில் வரும் ஒரு கட்டம் மட்டுமே. அதற்கு முன்னால் பிறப்பு, பள்ளி, கல்லூரி, திருமணம் ஆகியவற்றின் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதற்குப் பின்னால் வாடகை வீடு, வரி, குழந்தையின் பள்ளி, ஊரில் விட்டுவந்த சொத்து, வயதான பெற்றோர் என்று அதே ஆவணங்கள் மீண்டும் மீண்டும் கேட்கப்படும். இந்தப் பொருத்தத்தை உண்டாக்கும் பொறுப்பு முழுவதும் இன்று தனிமனிதரின் தலையில் விழுகிறது. வசதி உள்ளவர் பணம் கொடுத்துச் சமாளிக்கிறார். இல்லாதவர் ஏஜென்ட்டிடம் கடன்படுகிறார். பிழைகளில் பெரும்பகுதி அரசு அலுவலகங்களின் பதிவேடுகளில் உருவானவை என்பதால், அவற்றைச் சரிசெய்யும் பொறுப்பிலும் அரசுக்குப் பங்கு இருக்க வேண்டும்.

இனிஷியலும் பாஸ்போர்ட்டும்

தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கும். அதோடு சொந்தப் பெயர். சாதிப் பெயரைத் துறந்த ஒரு சமூக மாற்றத்தின் விளைவு இது. தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய வழக்கம், கைவிட வேண்டியதல்ல. ஆனால், உலகின் பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களில் ‘கொடுக்கப்பட்ட பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இனிஷியலுக்கு அங்கே இடமில்லை. பாஸ்போர்ட்டிலும் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும்.

அப்போது மூன்று வழிகள் பிறக்கின்றன. ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுகிறார். இன்னொருவர் இரண்டு பெயரையும் சேர்த்து முதல் கட்டத்திலேயே எழுதிவிடுகிறார். மூன்றாமவர் சொந்தப் பெயரை மட்டும் எழுதி மற்றதை வெறுமையாக விடுகிறார். பாஸ்போர்ட் விதிப்படி மூன்றுமே சரிதான். விளைவுகள்தான் வெவ்வேறு.

ஒரே பெயர் உள்ள பாஸ்போர்ட்டை அமெரிக்க விசா முறை ஏற்றுக்கொள்கிறது; ஆனால், அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, முதல் பெயர் ‘தெரியவில்லை’ என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கத்தை விசாவில் அச்சிடுகிறது. வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சம்பளப் பட்டியல் என்று அந்த மூன்றெழுத்து ஆளைத் தொடர்ந்து வருவது அமெரிக்கத் தமிழர்களுக்குப் பழகிப்போன தொல்லை. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பிறகு வந்தது. இடைப்பட்ட நாட்களில் பயணம் வைத்திருந்தவர்கள் பட்ட தவிப்பு சிறியதல்ல.

குடும்பமாகப் போகும்போது சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. கணவரின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அவருடைய அப்பா பெயர். மனைவியுடையதில் அவருடைய அப்பா பெயர். பிள்ளையுடையதில் கணவரின் சொந்தப் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். இது நமக்கு இயல்பு. வெளிநாட்டுப் பள்ளி அலுவலகத்துக்கோ எல்லைக் காவல் அதிகாரிக்கோ இவர்கள் ஒரு குடும்பம் என்று நிறுவ, திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தாக வேண்டும்.

எழுத்துக்கூட்டல் இதைவிடப் பெரிய பிரச்சினை. ‘செந்தில்’, ‘கயல்விழி’, ‘முத்துலட்சுமி’ போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் இப்படித்தான் எழுத வேண்டும் என்ற நிலையான முறை நம்மிடம் இல்லை. பேரூராட்சி எழுத்தர் ஒரு விதமாக, பள்ளித் தலைமையாசிரியர் ஒரு விதமாக, ஆதார் மையத்தில் தட்டச்சு செய்தவர் ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழிப் பத்திரம் உள்ளூரில் பல இடங்களில் செல்லுபடியாகிறது. வெளிநாட்டு அலுவலகங்கள் பலவற்றில் அதற்கு மதிப்பில்லை. அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அதை வைத்து மற்ற ஆவணங்களைத் திருத்துவதே உறுதியான வழி. அதற்கும் காலம் பிடிக்கும். வெளிநாடு போகும் எண்ணம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லா ஆவணங்களையும் மேஜையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது நல்லது.

பழைய பதிவேடுகள் சொல்வது

தமிழர்களின் வாழ்வை ஆவணங்கள் தீர்மானித்தது இன்று தொடங்கிய கதையல்ல. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் காலக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. எழுதியவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். இன்று தென்னாப்பிரிக்காவில் பூர்வீகம் தேடும் தமிழ் வம்சாவளியினர் அந்தப் பட்டியல்களைத்தான் புரட்டுகிறார்கள். ஊர்ப்பெயர் சிதைந்து எழுதப்பட்ட குடும்பங்களுக்குத் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது.

இலங்கை மலையகத் தமிழருக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்கோ அல்லது அதற்கும் முந்தைய தலைமுறைகள் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. தோட்ட லயங்களில் பிறந்தவர்களின் தந்தையருக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை காத்திருந்தது. ஒரு பிறப்புப் பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் மக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகில் குறைவு.

பிறப்பும் திருமணமும்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிவுசெய்வது இலவசம். பெயர் வைக்காமல் பதிவுசெய்திருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றியும் அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். நம் வீடுகளில் பெயர் சூட்டு விழா நடக்கும். சான்றிதழில் பெயர் ஏறாது. பள்ளியில் சேர்க்கும்போது ஏதோ ஒரு நகல் போதுமானதாக இருந்துவிடும். பிறகு அந்தச் சான்றிதழ் பீரோவுக்குள் போய், பாஸ்போர்ட் எடுக்கும் நாளில்தான் வெளியே வரும்.

இனி அந்த அலட்சியத்துக்கு இடமில்லை. 2023இல் திருத்தப்பட்ட சட்டமும், அதையொட்டி 2025இல் வந்த பாஸ்போர்ட் விதித் திருத்தமும், 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே பிறந்த தேதிக்கான ஆதாரமாக ஏற்கின்றன. அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழைக் காட்டலாம். ஆனால், கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளில் குடும்பத்தோடு குடியேறும்போது பிறப்புச் சான்றிதழே தேவைப்படும் கட்டங்கள் பல உண்டு.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டங்கள் பிறந்தன; 2020இல் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமானது. சங்கரன்கோவிலில் பிறந்தவரின் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம். இன்றைய முகவரிச் சான்றில் தென்காசி. ஒரே ஊர்தான் என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பழைய பெயர் ஒன்று, புதிய பெயர் ஒன்று என்று இருக்கும் தூத்துக்குடி, தஞ்சாவூர்க்காரர்களுக்கும் இதே நிலைதான். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுவது பின்னால் வரும் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

திருமணத்துக்கு வருவோம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்துடன் 150 நாள் வரை செய்யலாம். திருமணம் நடந்த இடத்தில் மட்டுமன்றி, மணமக்களில் ஒருவரின் நிரந்தர முகவரி உள்ள இடத்திலும் பதிவுசெய்ய 2020இன் திருத்தம் வழிசெய்தது. இத்தனை வசதி இருந்தும், கோயில் ரசீதையும் அழைப்பிதழையும் ஆல்பத்தையும் நம்பிப் பதிவைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் ஏராளம். வாழ்க்கைத் துணைக்கான விசா, மருத்துவக் காப்பீடு, ஜெர்மனியில் சம்பளத்திலிருந்து பிடிக்கும் வரியின் வகுப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு சான்றிதழ்தான். தாலி கட்டிய வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுவது, வெளிநாடு போகாதவர்களுக்கும் நல்லது.

கல்லூரி வாசலில் காத்திருப்பு

ஆவணங்களில் மிக அதிகக் காலம் எடுப்பவை கல்விச் சான்றுகள். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாடுகள் கேட்பது அதற்கு மேல். பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட், சான்றிதழ் உண்மையானது என்ற உறுதி, பாடத்திட்டம் என்று பட்டியல் நீளும். ஜெர்மனியில் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல், டெல்லியில் உள்ள ஜெர்மன் கல்விச் சரிபார்ப்பு மையத்திடம் 18,000 ரூபாய் கட்டணம் செலுத்திச் சான்று பெற வேண்டியிருக்கிறது. அதோடு, ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொகை இது.

செவிலியர்களுக்கு நடை இன்னும் அதிகம். ஜெர்மனியில் 16 மாநிலங்கள். செவிலியர் படிப்பை அங்கீகரிப்பது மாநில அலுவலகங்களின் வேலை. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டில் பயிற்சி என்ற விவரத்தைக் கல்லூரி எழுத்தில் கொடுக்க வேண்டும். படித்து முடித்துப் பத்தாண்டு ஆன ஒரு பெண், பணியில் இருந்து விடுப்பு எடுத்து, கல்லூரி அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செவிலியர் கவுன்சிலுக்கும் மாறி மாறி நடந்துதான் இதை வாங்க முடிகிறது. இதற்கு நடுவே ஜெர்மன் மொழியில் பி1, பி2 நிலைத் தேர்வுகளுக்கும் படிக்க வேண்டும்.

பொறியாளர்களில் ஒரு தலைமுறைக்கு வேறொரு குழப்பம். 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரிக்கப்பட்டது; 2012இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களின் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகம் இன்று அந்தப் பெயரில் இல்லை. கனடாவிலோ ஜெர்மனியிலோ உள்ள மதிப்பீட்டு அலுவலருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை விளக்கும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது மாணவரின் வேலையாகிவிட்டது. கேட்காமலேயே அதைக் கொடுத்திருக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை.

ஐம்பது ரூபாய் முத்திரை

ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு நம்புவதற்கென 1961இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதன்படி ஒட்டப்படும் சான்றுதான் அப்போஸ்டில். இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதல் செல்லுபடியாகிறது. கல்விச் சான்றுகளானாலும் பிறப்பு, திருமணச் சான்றுகளானாலும் முதலில் மாநில அரசின் உரிய துறையில் மேலொப்பம் பெற்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்துக்குப் போக வேண்டும். அமைச்சகம் நேரடியாக மக்களிடம் ஆவணம் வாங்குவதில்லை. அதற்கென அமர்த்தப்பட்ட முகமைகள் வாங்குகின்றன. ஓர் ஆவணத்துக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் 50 ரூபாய். அதோடு முகமையின் சிறு சேவைக் கட்டணம். ஊரில் உள்ள ஏஜென்ட் இதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார். கட்டண விவரம் தாலுகா அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருந்தால் இந்த வியாபாரம் பாதி குறையும்.

எந்த நாட்டுக்கு எந்த முத்திரை என்பதில் தெளிவு வேண்டும். சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும் அப்போஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை உடன்படிக்கைக்கு வெளியே இருக்கின்றன. அங்கே போகும் ஆவணங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் மேலொப்பத்துக்குப் பிறகு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

ஜெர்மனி உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால், இந்தியா சேர்ந்தபோது அது ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே சட்டப்படி செல்லாது. ஜெர்மன் அலுவலகத்துக்கு ஓர் இந்தியச் சான்றில் ஐயம் வந்தால், இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகம் வழியாக, அதன் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர்கள் அந்தச் சான்றை வழங்கிய அலுவலகத்துக்கே போய் விசாரிக்கிறார்கள். மாதக்கணக்கில் நேரம், பல நூறு யூரோ செலவு. இரண்டும் விண்ணப்பித்தவரின் தலையில். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தம்பதி இந்த விசாரணையைத்தான் எதிர்கொள்வார்கள்.

காலாவதியாகும் காகிதங்கள்

எல்லாவற்றையும் முன்பே வாங்கி வைத்துவிடலாம் என்றாலும் முடியாது. சில ஆவணங்களுக்கு ஆயுள் குறைவு. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும். கனடாவுக்கான கல்வி மதிப்பீடு ஐந்து ஆண்டுகள். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியர்கள் காட்ட வேண்டிய காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதங்கள். கனடாவின் விரைவு நுழைவு முறையில் அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் தந்தாக வேண்டும். கடந்த பத்தாண்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறை நற்சான்று கேட்பார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ சில காலம் வேலை பார்த்துத் திரும்பியவருக்கு இந்த 60 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

ஆகவே வரிசை முக்கியம். காலாவதியாகாத பிறப்பு, திருமண, கல்விச் சான்றுகளை முதலில் திருத்தி முடிக்க வேண்டும். அடுத்தது பாஸ்போர்ட், செல்லுபடிக் காலம் குறைவாக இருந்தால் விசாவுக்கு முன்பே புதுப்பித்துக்கொள்வது நல்லது. மொழித் தேர்வும் கல்வி மதிப்பீடும் அதன் பிறகு. காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவை கடைசியில்.

குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஜெர்மனியில் 2020 மார்ச் முதல், மழலையர் காப்பகத்திலும் பள்ளியிலும் சேரும் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சான்று கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அந்த மடித்த அட்டைக்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஊரில் விட்டுச் செல்வது

போகும் நாட்டுக்கான ஆவணங்களில் மூழ்கியிருக்கும்போது, ஊரில் விட்டுச் செல்வதற்கான ஆவணங்கள் மறந்துபோகின்றன. வெளிநாடுவாழ் இந்தியர் என்ற நிலை வந்தவுடன் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளிலும் நிலை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வங்கியில் பதிந்த செல்பேசி எண் செயலிழந்தால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதும் சிக்கலாகலாம். அந்த எண்ணை வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வரும்படி உயிரோடு வைத்திருப்பது சிறிய செலவு, பெரிய பாதுகாப்பு.

நிலமோ வீடோ இருந்தால், நம்பிக்கையான ஒருவருக்குக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் பவர் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்துவிட்டுப் புறப்படுவது எளிது. வெளிநாடு போன பிறகு எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பெற்றோரின் மருத்துவக் காப்பீடு, அவசரத்தில் கையெழுத்திட யார் என்ற ஏற்பாடு ஆகியவற்றையும் இதோடு சேர்த்தே பேசி முடிக்க வேண்டும்.

நிறுவனமே ஜெர்மனிக்கு அனுப்பும் ஊழியர், வருங்கால வைப்பு நிதி அலுவலகத்திடம் காப்புச் சான்று வாங்கிச் சென்றால் ஜெர்மனியிலும் தனியாக ஓய்வூதியப் பங்களிப்பு கட்டத் தேவையில்லை. 2017 மே முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் தரும் உரிமை அது. வாக்குரிமையும் போய்விடுவதில்லை. இந்தியக் குடிமகனாக நீடிக்கும் வரை 6ஏ படிவத்தில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். வாக்களிக்க மட்டும் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்

இதுவரை சொன்னவை படித்தவர்களின் பாடு. பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அவர் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி பெற வேண்டும். அவரைப் பாதுகாப்பதற்காக 1983இல் இயற்றப்பட்ட சட்டம் இது. பதிவுபெற்ற முகவர் அவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் உண்டு. இந்த எண்கள் ராமநாதபுரம், சிவகங்கை, கடலூர்க் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பப்பட்டவருக்கு அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. சம்பளம் நின்றால் முறையிடக் கையில் ஒப்பந்தமும் இருக்காது.

அரசு என்ன செய்யலாம்?

கேரளம் 1996 டிசம்பரிலேயே வெளிநாடுவாழ் கேரளர்களுக்கெனத் தனித் துறையை அமைத்தது. அதன் கீழ் இயங்கும் ‘நோர்கா ரூட்ஸ்’ திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு நகரங்களில் சான்றிதழ் மேலொப்ப மையங்களை நடத்துகிறது. 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசு அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்து, செவிலியர்களை ஏஜென்ட் கட்டணம் இல்லாமல் அனுப்புகிறது. தமிழ்நாட்டிலும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கு ஆணையரகமும் வாரியமும் இருக்கின்றன. இல்லாதது, ஆவணத்தோடு அலையும் ஒருவர் தன் மாவட்டத்திலேயே போய் நிற்கக்கூடிய ஒரு மேஜை. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில், இருக்கிற இ-சேவைக் கட்டமைப்போடு இணைத்து, பிறப்பு, திருமண, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து மாநில மேலொப்பத்துக்கு அனுப்பும் மையம் ஒன்றை அமைப்பது பெரிய செலவல்ல. பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் உண்மைத்தன்மைச் சான்றுக்கும் காலக்கெடு அறிவித்து அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற வாதம் உண்டு. டிஜிலாக்கர் பெரிய வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், தவறான எழுத்துக்கூட்டலைக் கணினியில் ஏற்றினால் அது வேகமாகப் பரவும் தவறாகிவிடுகிறது. திருத்தம் பதிவேட்டில் நடக்க வேண்டும்.

ஒன்றிய அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2022 டிசம்பர் 5 அன்று இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2024 அக்டோபரில் டெல்லி வந்த அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸின் அரசு, திறன்மிகு இந்தியர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக அறிவித்தது. இத்தனை பேரை அழைக்கும் நாடு, அவர்களின் பிறப்புச் சான்றிதழை நம்ப மறுக்கும் பழைய ஆட்சேபத்தை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று டெல்லி கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு வலு சேர்ப்பது நம் பதிவேடுகளின் தரம்தான்.

தொடங்க வேண்டிய இடம் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு மாணவர்களின் பெயர்ப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகளில் தயாராகிறது. அந்தச் சில வாரங்களில், பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அருகில் வைத்து, இனிஷியலை விரித்து, பெற்றோரைக் கையெழுத்திட வைத்துப் பெயரை உறுதிசெய்தால், திருத்தத்துக்குத் தலைமையாசிரியரிடம் ஒரு விண்ணப்பம் போதும். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அதே ஓர் எழுத்துக்குத் தேர்வுகள் இயக்ககத்துக்கும் அரசிதழ் அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறை அடுத்த கல்வியாண்டின் பெயர்ப்பட்டியல் சுற்றறிக்கையிலேயே இதைச் சேர்த்துவிடலாம்.